திருப்பதியிலிருந்து பேசுகிறேன், ஓடிபி சொல்லுங்க

சென்ற வியாழக்கிழமை காலை அம்சா போன் செய்தாள். என் சித்தி மகள். நகரியில் கணவரோடு நாலு பவர்லூம் ஓட்டுகிறாள். பின்னால் தறிச் சத்தம் இல்லாமல் அவள் என்னோடு பேசியதே கிடையாது. அன்று சத்தம் இல்லை. தறியை நிறுத்திவிட்டுப் பேசுகிறாள் என்றால் விஷயம் பெரிது.

“அக்கா, நான் யாருகிட்டயாச்சும் பணம் கேட்டேனா?” என்றாள்.

அவள் கேட்டாளா என்பது அவளுக்குத் தெரியாதா?

“சித்தூர்காரரு போன் பண்ணாரு. யாருக்கும்மா ஒடம்பு சரியில்லன்றாரு. இன்னாங்க விஷயம்னு கேட்டா, ஆஸ்பத்திரிக்கு அவசரமா பதினஞ்சாயிரம் வேணும்னு மெசேஜ் போட்டு கீறீங்களேன்றாரு. என் போட்டோவோட வந்து கீதாம்.”

சித்தூர்க்காரர் யாரென்று சொல்லிவிடுகிறேன். அம்சாவின் மகள் மோனிஷாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் வீட்டுத் தலைவர். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பையனுக்குப் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தத் தேதி மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில் பெண் வீட்டிலிருந்து இப்படி ஒரு மெசேஜ்.

“நான் போடலங்கன்னேன். உங்க நம்பர்தானேம்மான்னாரு. அப்புறம், சரி, வீட்ல பேசிட்டு சொல்றோம்னு வெச்சிட்டாரு.”

கல்யாணம் பேசிய எல்லோருக்கும் தெரியும், ‘வீட்ல பேசிட்டு சொல்றோம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று. அம்சா அழ ஆரம்பித்துவிட்டாள்.

வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திறக்கவில்லை, நம்பரைப் போடு என்று புதிதாகக் கேட்கிறதாம்.

“யாருக்காவது ஓடிபி சொன்னியா?”

“நேத்து உன் வீட்லேர்ந்து கேட்டாங்களே, சொன்னேன்.”

என் வீட்டிலிருந்தா? நேற்று முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன்...

“ஆம்பள கொரலு. தெலுங்குல, திருப்பதி நுஞ்சி மாட்லாடுதுன்னாம்மா, தரிசனம் டிக்கெட்டு, ஓடிபி செப்பண்டின்னான். சரி, உன் ஆபீஸ் ஆளுன்னு நெனச்சேன்.”

“எனக்கேதுடி ஆபீஸ்? யாருன்னு கேக்க மாட்டியா?”

“திருப்பதின்னா நீதானேக்கா? உன்னத் தவிர என்கிட்ட யாரு ஓடிபி கேட்டு கீறாங்க?”

உண்மைதான். விளக்குகிறேன்.

இருபத்திரண்டு வருடமாகத் திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் இருக்கிறேன். திருப்பதியில் குடியிருப்பவருக்கு உறவினர்கள் கொடுத்திருக்கும் உத்தியோகம் ஒன்று உண்டு — தரிசன டிக்கெட். சென்னையில் இருப்பவர், வேலூரில் இருப்பவர், யாரோடு எப்போது பேசினோம் என்றே ஞாபகம் இல்லாத ஒன்றுவிட்ட மாமா... எல்லோரும் ‘எத்தனை பேர்’ என்றுகூடச் சொல்லாமல் நேரே ஆதார் அட்டையைப் படமெடுத்து அனுப்புவார்கள். என் போனில் என் பிள்ளைகளின் படங்களைவிட அடுத்தவர் ஆதார் அதிகம்.

டிக்கெட் ஓபன் ஆகும் நாளில் எங்கள் வீட்டில் சமையல் கிடையாது. ஒவ்வொருவர் நம்பரிலும் நானே லாகின் செய்வேன். ஓடிபி அவர்கள் போனுக்குப் போகும். நான் இங்கிருந்து அவசரப்படுத்த, அவர்கள் அங்கிருந்து படிக்க, நான் டைப் செய்ய... ஒரு செகண்ட் தாமதித்தால் டிக்கெட் போச்சு. நான் ‘ம்’ என்றதும் ஆறு எண்ணும் வர வேண்டும். குடும்பம் மொத்தத்தையும் அப்படிப் பழக்கி வைத்திருந்தேன். அதில் அம்சாதான் முதல் ரேங்க்.

அவளுடைய ரேங்க்கைத்தான் அந்த ஆள் அறுவடை செய்திருக்கிறான். தன் போனில் அவளுடைய நம்பரைப் போட்டு வாட்ஸ்அப் திறக்கப் பார்த்தான். அதற்கான எண் இவளுக்கு வந்தது. இவள் படித்தாள். அந்த நிமிடத்திலிருந்து அவன்தான் அம்சா. டிக்கெட் என்று ஏன் சொன்னான் என்று ஆச்சரியப்பட வேண்டாம். எங்கள் பக்கத்தில் யாருக்குப் போன் போட்டாலும், அவர் ஏதோ ஒரு டிக்கெட்டுக்குக் காத்துக்கொண்டுதான் இருப்பார்.

எனக்குக் கோபம் வந்தது. “அந்த மெசேஜ்லயே யாருக்கும் சொல்லாதேன்னு போட்டிருக்குமே. படிக்கலையா?”

“படிச்சேங்கா. மொத தபா நீ கேட்டப்பவே படிச்சேன். யாருக்கும் சொல்லாதன்னு போட்டு கீதேன்னு உன்கிட்ட கேட்டேன். அது சும்மா போட்டிருப்பான்டி, டைம் போவுது, நம்பரச் சொல்லுன்ன.”

சொல்லியிருக்கிறேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

என் பத்தியின் பழைய வாசகர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கலாம். ‘பெற்ற தாயே கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள்’ என்று இதே பக்கத்தில் எழுதியவள் நான். தாயைத் தடுத்தேன், சரி. அக்காவைப் பற்றி ஏன் எழுதவில்லை? வெட்கமாக இருந்தது.

ஒரு வழியாக வாட்ஸ்அப்பை மீட்கப் பார்த்தோம். புது எண் வந்தது. இந்த முறை அவள் கையாலேயே டைப் செய்யச் சொன்னேன். அவன் வெளியே போய்விட்டான். ஆனால் போகிறவன் உள்ளே ஒரு பின் நம்பரைப் போட்டு வைத்திருந்தான். அது தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டுமாம். அவனும் உள்ளே இல்லை, இவளும் உள்ளே இல்லை. பிறகு யார்தான் இருக்கிறார்கள்? அம்சா கேட்டாள்.

“ஆதாரு நம்பரச் சொல்லலாமா? பின்னு சொல்லக்கூடாதா? போன் நம்பரு?” எதைக் கேட்டாலும் எனக்குக் குழப்பம்தான். இத்தனை நம்பர்களில் எது பூட்டு, எது சாவி? நெடுநேரம் யோசித்து ஒன்றே ஒன்று சொன்னேன்: உன் போனுக்கு வந்த எண்ணை உன் விரல்தான் தொட வேண்டும். வாய்க்கு அதில் வேலை இல்லை.

ஆனால் சித்தூர்க்காரருக்கு யார் சொல்வது? மறுபடி போன் செய்தால் நம்புவாரா? பேசுவது உண்மையான அம்சாதான் என்று எப்படி நிரூபிப்பது? கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே நிரூபணம், நேரில் போய் நிற்பது. சனிக்கிழமை அவள் திருப்பதி வந்தாள். இருவரும் சித்தூர் பஸ் ஏறினோம்.

சம்பந்தி வீட்டில் காபி வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “தப்பு அவளோடது இல்லீங்க. என்னோடது.”

“நான் அனுப்பறதுக்கு ரெடியாதான் இருந்தேம்மா” என்றார் அவர். “எங்க வீட்லதான் தடுத்தாங்க. பொண்ணு குடுக்கறவங்க, வாய் தொறந்து கேக்கறதுக்கே கூச்சப்படுவாங்களே, மெசேஜ்லயா கேப்பாங்க, போன் பண்ணி கேளுங்கன்னு சொன்னாங்க.”

உள்ளே தட்டில் டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் போனில் வாட்ஸ்அப்பே கிடையாது. வருடக்கணக்கில் நான் எழுதிய அத்தனை யோசனையும் அவருடைய ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

“பர்வாலேதம்மா. தேதி பார்த்துக்கலாம்” என்றார் சித்தூர்க்காரர். அம்சா அப்போதுதான் காபியைக் கையில் எடுத்தாள்.

திரும்பும் பஸ் பூதலப்பட்டு தாண்டவில்லை. என் போன் ஒலித்தது. சித்தூர்க்காரர் நம்பரிலிருந்து ஆறு படங்கள். ஆறும் ஆதார். கீழே ஒரு வரி: ‘நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி குடும்பத்தோட ஒரு தரிசனம். ஓடிபி எப்போ கேட்டாலும் சொல்றோம்.’

பழக்க தோஷம், என் கை ‘சரிங்க’ என்று டைப் செய்ய ஆரம்பித்துவிட்டது. அம்சா போனைப் பிடுங்கினாள்.

“மொதல்ல போன் பண்ணி கேளு. அவர்தானான்னு.”

இப்போதுதானே அவர் வீட்டில் காபி குடித்துவிட்டு வருகிறோம்? ஆனாலும் கேட்டேன். அவர்தான். படங்களை அழித்துவிட்டேன். உங்கள் போனில் நீங்களே புக் செய்யுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றேன்.

சம்பந்தி வீட்டுக்கே டிக்கெட் எடுத்துத் தர மறுத்த முதல் திருப்பதிக்காரி அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.