குறுக்கீடு: இல்லை

கோடை வந்துவிட்டால் எங்கள் கோபுரத்தின் காலடியில் இருந்த ஏரியல்கள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கு நடுவில் இருந்த ஒரு சிறிய மறு ஒளிபரப்பு நிலையத்தில் நான் உதவிப் பொறியாளராக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தோப்பைத் தாண்டினால் மீனவர் குப்பம். அங்கே நீளமான சவுக்குக் கம்பங்களின் உச்சியில் ஏரியல் கட்டி வைத்திருப்பார்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் காற்று விழுந்து கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும் சாயங்காலங்களில் இலங்கைத் தொலைக்காட்சி இங்கே வந்து சேரும். யாராவது ஒருவர் கம்பத்தைத் தெற்கே திருப்புவார். அரை மணி நேரத்தில் குப்பமே திரும்பியிருக்கும். அதிகாரி என்ற முறையில் எனக்கு அது அவமானம். பொறியாளர் என்ற முறையில் எந்தக் குறையும் சொல்ல முடியாத இயற்பியல். குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று படுத்துக்கொண்டால் அலைகள் வளைந்து வரும். அதைத் தடுக்க எந்தச் சுற்றறிக்கையாலும் முடியாது.

தொலைக்காட்சி பற்றி அந்தக் காலத்தில் உலவிய கதைகளைத் தொகுத்திருந்தால் எனக்கு ஒரு முனைவர் பட்டமாவது கிடைத்திருக்கும். செய்தி வாசிக்கும் அம்மாள் இறந்து மூன்று வருடம் ஆகிறது, பழைய படத்தைத்தான் தினமும் போடுகிறார்கள் என்றார்கள். எங்கள் கோபுரம் மழை மேகத்தைக் கிழித்துவிடுகிறது என்று செய்யூர் பக்கத்திலிருந்து கையெழுத்துப் போட்டு மனு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படம் பாதியில் நின்றால், பொறியாளர் படப்பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் என்று பொருள். நிலையத்தில் படமே கிடையாது, வானத்திலிருந்து வருவதை வாங்கி மறுபடி அனுப்புவதுதான் வேலை என்று நான் விளக்குவேன். கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வாரம் ஒரு நல்ல சண்டைப் படமாகப் போடச் சொல்வார்கள். மனுக்களுக்கு மட்டும் முறைப்படி பதில் அனுப்பினேன். எந்தத் தாளுக்கு எந்த நடைமுறை என்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற எண்ணம் எனக்கு அப்போது இருந்தது.

பதிவேட்டில் அவர் பெயர் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். நாங்கள் அக்கா என்றோம். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். குப்பத்துப் பெண். ஐப்பசிப் புயலில் அவருடைய கணவரும் இன்னும் இரண்டு பேரும் போன படகு திரும்பவில்லை. பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அதன் பிறகுதான் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. காலையில் வந்து பெருக்குவார். சாயங்காலம் வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு எங்களுக்கு டீ போட்டுத் தருவார். அழுது நான் பார்த்ததில்லை. கடல் பக்கம் உள்ள சன்னலை மட்டும் துடைக்காமல் விட்டுவிடுவார். நானும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அடுத்த சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலம் அந்தக் கதை பிறந்தது. குப்பத்து டீக்கடை டிவியில் இலங்கைச் செய்தி ஓடியிருக்கிறது. பனி கொட்டுகிற மாதிரியான படத்தில், ஏதோ ஒரு துறைமுகத்தில் பிடிபட்ட ஆட்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். அதில் ஓரத்தில் இருந்தவன் முகத்தைத் திருப்பினானாம். "நம்ம ஆளுடா" என்று அக்காவின் கணவரைச் சொல்லி ஒருவர் கத்தியிருக்கிறார். கத்துவதற்குள் படம் போய்விட்டது. மறுநாள் காலையில் பார்த்தவர்கள் நான்கு பேர். வாரக் கடைசியில் நாற்பது பேர். டீக்கடைக்குள் இருபது பேர்கூட நிற்க முடியாது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கைச் சங்கிலி இருந்தது, தாடி வளர்ந்திருந்தது, கேமராவைப் பார்த்துக் கும்பிட்டான் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

அக்கா என் மேசை முன்னால் வந்து நின்றார். "சார், அந்தப் படத்த இன்னொரு தபா போடச் சொல்லு சார். நான் ஒரே ஒரு தபா பாக்கறேன்."

அது வேறு நாடு, நம்மிடம் எதுவும் இல்லை என்றேன்.

"அப்போ அந்த ஊரு டிவி இங்க வர்றது நெசம்தானா? அதயாவது சொல்லு."

நிஜம்தான் என்றேன். இரண்டு நாள் கழித்து ஊர்ப் பஞ்சாயத்தார் மூன்று பேர் வந்து அதையே எழுத்தில் கேட்டார்கள். நான் மறுத்திருக்கலாம். ஆனால் உண்மையான தொழில்நுட்பத் தகவலை மறுக்க எனக்கு எந்த விதியும் கிடைக்கவில்லை. எண்ணிட்டு, தேதியிட்டு, "குறிப்பிட்ட வானிலைச் சூழலில் அண்டை நாட்டு ஒளிபரப்பு இப்பகுதியில் கிடைப்பது சாத்தியமே" என்று ஒரு வரி எழுதி, கையெழுத்தின் மேல் வட்ட முத்திரை குத்திக் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய வரிகளில் இவ்வளவு துல்லியமான வரி வேறு கிடையாது. இவ்வளவு கேடு செய்த வரியும் வேறு கிடையாது. ஒரு வாரத்துக்குள் அது, "அவன் உசுரோட கீறான்னு டிவி ஆபீஸ்லயே சீல் வச்சி எய்திக் குடுத்துட்டாங்க" என்று ஆகிவிட்டது. காணாமல் போனவரின் தாயார் அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்தார். அரசு முத்திரைக்குக் குங்குமம் வைக்கப்பட்டது என் அறிவுக்கு எட்டியவரை அந்த ஒரு முறைதான்.

ஏழு வருடம் போனது. கேபிள் வந்து ஏரியல்கள் கீழே இறங்கின. கம்பங்கள் பந்தல் கால்களாயின. மற்ற இரண்டு குடும்பங்களும் காரியம் செய்து முடித்துவிட்டன. டிவியில் முகம் திருப்பியவன் ஒருவன்தானே. அக்கா மட்டும் பொட்டோடு, காரியம் முடியாமல், மனைவியா விதவையா என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில் இருந்தார்.

ஒரு நாள் அவர் பெருக்குவதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். கல்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நாஸ்தா கடை வைத்திருக்கும் ஒருவர், மனைவியை இழந்தவர், தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது என்றார். "நானும் சரின்னுட்டேன் சார். ஊர்லதான் ஒத்துக்க மாட்டேன்றாங்க. புருசன் உசுரோட கீறப்போ இன்னா கண்ணாலம்னு கேக்கறாங்க. கேட்டா உங்க லெட்டரக் காட்றாங்க."

நான் சட்டம் சொன்னேன். ஏழு வருடம் ஒருவரைப் பற்றி, தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்குத் தகவல் இல்லையென்றால் அவர் இறந்ததாகக் கொள்ளலாம், நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றேன்.

"கோர்ட்டு சொன்னா நான் கோர்ட்டுலயா சார் குடியிருக்கப் போறேன்? என் பொண்ண நம்ம குப்பத்துலதான் குடுத்துகீறேன். நாளைக்கு அத எவனும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது. நீங்க அந்த லெட்டரு தப்புன்னு எய்துங்க."

"அது தப்பில்லையே. பிழை இருந்தால்தான் திருத்தம் போட முடியும்."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "நல்லா பேசறீங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நான் அன்று வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். செங்கல்பட்டு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது.

மறுநாள் பண்டக அறையைத் திறந்தேன். பழைய பதிவேடுகளைக் கழிக்க ஒரு குழு அமைக்க வேண்டும்; எங்கள் குழு ஒரு முறைகூடக் கூடியதில்லை. அதனால் எல்லாம் பத்திரமாக இருந்தன. சித்ரா பௌர்ணமி நாளின் பக்கத்தை எடுத்தேன். சாயங்கால ஷிஃப்டில் நான்தான் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு மணிக்கும் திரையைப் பார்த்து, பிற ஒளிபரப்பின் குறுக்கீடு உண்டா இல்லையா என்று நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் உண்டு. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று என் கையெழுத்தில், ஒரே மையில், ஒரே சாய்வில் "இல்லை" என்று இருந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தை எந்த நிலையத்திலும் யாரும் மணிக்கு மணி நிரப்பியதில்லை. ஷிஃப்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்து, வீட்டுக்குப் போகும் மணி வரைக்கும் ஒரே மூச்சில் "இல்லை" எழுதிவிட்டு, பிறகு நாளிதழைப் பிரிப்போம். நடைமுறை தெரிந்தவர்களிடம் மட்டுமே இருக்கும் கெட்ட பழக்கம் இது. ஆறு மணிக்கு என்ன நடந்தது என்பதை நான் நான்கு மணிக்கே எழுதி முடித்திருந்தேன். இலங்கைப் படம் வந்ததா, வந்ததில் அந்த மனிதர் இருந்தாரா என்பதற்கு அந்தப் பக்கம் சாட்சியே இல்லை. ஆனால் சான்றளிக்கப்பட்ட நகல் எடுப்பதற்கு மிகச் சரியான பக்கம் அதுதான்.

நகல் எடுத்தேன். "மேற்படி தேதியில் மேற்படி நேரத்தில் பிற ஒளிபரப்பின் குறுக்கீடு எதுவும் பதிவாகவில்லை" என்று எழுதினேன். பதிவாகவில்லை என்பது உண்மை. அதே வட்ட முத்திரை. பஞ்சாயத்தார், தபாலில் வாங்க மாட்டோம், நேரில் வந்து படிக்க வேண்டும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வலை பின்னும் கொட்டகையில், மீன் வாசத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன்.

டீக்கடையில் முதலில் கத்திய மனிதர் எழுந்தார். "அப்போ நாங்க இன்னாத்த சார் பாத்தோம்? எங்க கண்ணு பொட்டையா?"

"வூட்ல பொஞ்சாதியையே அடையாளம் தெரியாம பக்கத்து வூட்ல பூந்தவன்தானே நீ," என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கொட்டகை சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். காணாமல் போனவரின் தாயார் லேமினேட் செய்த கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தா நைனா," என்றார். "காயிதம் கெடக்கட்டும். நீ சொல்லு. அன்னிக்கு அந்த நேரத்துல நீ பாத்துகினே இருந்தியா?"

எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. பெண்கள் பக்கத்தில் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா," என்றேன். "பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எதுவும் வரலை."

கிழவி மடியில் இருந்த கடிதத்தை எடுத்தார். பிறகு பிளாஸ்டிக் உறையின் மேல் காய்ந்திருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்து, கடிதத்தை என் கையில் கொடுத்தார். அந்த வாரமே மகனுக்குக் காரியம் செய்தார்கள். நான் போகவில்லை. ஒரு தாய் ஏழு வருடம் உயிரோடு வைத்திருந்த மகனை ஒரே வார்த்தையில் முடித்தவன், அங்கே போய் எங்கே நிற்பது?

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா வேலையிலிருந்து நின்றார். கடைசி நாள் சாவியை ஒப்படைக்க வந்தபோது நான்தான் பேச்சை எடுத்தேன். அவருக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. "அன்னைக்கு நான் திரையைப் பார்க்கவே இல்லை," என்றேன்.

"தெரியும் சார்," என்றார் அவர். "அன்னிக்கு நான்தானே உங்களுக்கு டீ கொண்டாந்தேன். டிவிப் பொட்டிக்கு முதுகக் காட்டிகினு பேப்பர் படிச்சினு இருந்தீங்க. நான்தான் அந்தப் பொட்டியப் பாத்துகினு நின்னேன், கொஞ்ச நேரம்."

"எதுவும் வந்ததா?"

அவர் சாவியை மேசையில் வைத்தார். "அவரு கீறாரா இல்லியான்னு எனக்குத் தெரியாது சார். நான் கீறேன். அதுக்குத்தான் கேட்டேன்."

என் கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆன பிறகும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நடக்க வைப்பது அந்த ஒன்றுதான்.

போன மாதம் மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கதை சொன்னார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஓட்டலில் வேலை பார்க்கிறவர். அந்தக் காலத்தில் இலங்கை டிவியில் இந்தக் கரை ஆள் ஒருவனை முழுசாக ஐந்து நிமிடம் காட்டினார்களாம். இங்கே டிவி ஸ்டேஷன் இன்ஜினீயர் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாராம். மேலிடத்திலிருந்து போன் வந்ததும், எதுவும் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். "அத நம்பி அந்தாளு பொஞ்சாதி இன்னொர்த்தர கட்டிகிச்சு சார். புருசன் அங்க ஜெயில்ல கீறான். இன்னா அநியாயம் பாருங்க."

மனைவியைப் பற்றிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அக்காவின் பெண் இன்னும் அந்தக் குப்பத்தில்தான் இருக்கிறாள். "அந்த இன்ஜினீயர் எதையும் பார்க்கவில்லை," என்றேன். "முதுகைக் காட்டிக்கொண்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். யாரும் போன் பண்ணவில்லை. அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அந்த இன்ஜினீயர்."

அவர் என் நரைத்த தலையிலிருந்து செருப்பு வரை ஒரு முறை பார்த்தார். பிறகு என் தோளில் தட்டிக்கொடுத்துச் சிரித்தார்.

"வுடுங்க சார். இந்த ரூட்ல அப்படிச் சொன்ன மூணாவது ஆளு நீங்க."