குன்னத்துக்குப் போன அப்பம்

பூசையில் நன்மை கொடுக்க நிற்கும்போது தைரியநாதன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கைகளை மட்டும் பார்ப்பார். வலது கையின் மேல் இடது கை குழிந்து நீளும். அப்பத்தை உயர்த்தி, “கிறிஸ்துவின் திருவுடல்” என்பார். “ஆமென்” என்று பதில் வரும். உள்ளங்கையில் வைப்பார். அடுத்த கை வரும்.

பூசையில் அப்பத்தை வாங்கி உண்பதை ஆண்டிமடத்துப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் இன்றும் நன்மை வாங்குவது என்றுதான் சொல்கிறார்கள். சாமியார்களின் கை போதாத பெரிய பூசைகளில் அதைக் கொடுக்க ஊர்க்காரர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். தைரியநாதன் அவர்களில் ஒருவர்.

முகம் பார்க்காத பழக்கம் பக்தியால் வந்ததல்ல. ஊர் சிறியது. யார் யாருடைய முந்திரித் தோப்பில் வேலியை நகர்த்திப் போட்டார், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். முகத்தைப் பார்த்தால் அதெல்லாம் நினைவுக்கு வரும். நினைவுக்கு வந்தால் கை தயங்கும். தயங்குகிற உரிமை தன் கைக்கு இல்லை என்பது அவர் எண்ணம். அவருடைய சொந்தத் தம்பியே அவரோடு பேசிப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் தம்பி நன்மை வாங்க இவருடைய வரிசைக்குத்தான் வருவான். அண்ணன் சொல்லும் இரண்டு சொல்லும் தம்பி சொல்லும் ஒரு சொல்லும்தான் அவர்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு. ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிறவர்கள் ஒரே உடலாகிறார்கள் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் தைரியநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி நடந்ததாக அவருக்குத் தெரியவில்லை. நடக்கவில்லை என்று சொல்லவும் அவர் துணியவில்லை.

அவரைப் பக்திமான் என்று சொன்னால் அது மிகை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். வேலை இருந்த காலத்தில் பாதி ஞாயிறுகளில் அவர் கோயில் பக்கமே போனதில்லை. முதுகெலும்பு தேய்ந்து வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் ஞாயிறுகள் அவருக்குக் கிடைத்தன. புதிதாக வந்த பங்குச் சாமியார் இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கொடுத்த வேலையைக் கொடுத்தபடி செய்கிற ஆள் என்பதுதான். ஓட்டுநராக இருந்தபோதும் அவரைப் பற்றி மேஸ்திரிகள் சொன்னது அவ்வளவே. நட்பானவர் என்றோ இரக்கமுள்ளவர் என்றோ யாரும் சொன்னதில்லை.

அவருக்கு இருந்த ஒரே நண்பர் வீரமுத்து. குன்னத்துக்காரர், மக்காச்சோளமும் வெங்காயமும் போடுகிற குடும்பம். ஒரே லாரியைப் பகலில் ஒருவரும் இரவில் மற்றவருமாக ஓட்டினார்கள். சாவி கைமாறும் அந்தக் கொஞ்ச நேரத்தில், ஒரு டீயில் பாதியாகக் குடித்துக்கொண்டு உண்டானது அந்த நட்பு. போன வருடம் வீரமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பார்க்கப் போனபோது தைரியநாதனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கிளம்பும்போது வீரமுத்துவின் மனைவி பூங்காவனத்திடம், “மே மாசம் எங்க மாதா கோயில் திருவிழா. ஒரு எட்டு வந்து வேண்டிக்கிட்டுப் போம்மா” என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான்.

பூங்காவனம் வந்தாள். முந்திரிப் பழத்தின் வாடை ஊரெல்லாம் அடிக்கிற காலம். திருவிழாப் பூசைக்கு எந்த மதம் என்று இல்லாமல் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் திரளும். மெழுகுவத்தி வாங்கி வைப்பார்கள், மந்திரித்த எண்ணெய் வாங்கிப் போவார்கள், மிளகும் உப்பும் கொட்டுவார்கள். நன்மை வாங்குவது மட்டும் திருமுழுக்குப் பெற்று, தங்களைத் தயார்செய்துகொண்டு வந்தவர்களுக்குத்தான். அதைச் சாமியார் ஒலிபெருக்கியில் சொல்லத்தான் செய்தார். ஆனால் பந்தலின் கடைசியில், பேண்டு செட்டுக்காரர்கள் தேருக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில்தான் தைரியநாதன் நின்றிருந்தார். அங்கே ஒன்றும் கேட்கவில்லை.

வரிசையில் ஒரு ஜோடிக் கை வந்தது. வெங்காயம் ஆய்ந்து நகக்கண் வெடித்த கை. இடது கை கீழே, வலது கை மேலே இருந்தது. இடதுகைப் பழக்கம் போல என்று நினைத்துக்கொண்டார். “ஆமென்” கேட்கவில்லை, பேண்டுச் சத்தமாக இருக்கும். அப்பத்தை வைத்தார். கை விலகியது. அடுத்த கை வந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அவர் மனைவி சலேத்மேரி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

“பூங்காவனத்த பஸ் ஏத்திவுட்டுட்டேன். பொங்கச்சோறு வாங்கிட்டுப் போன்னேன், நிக்கல. பிரசாதம் வாங்கிட்டேன்க்கா, அவருக்குக் குடுக்கணும்னு ஓடிட்டா.”

“பொங்கலே இன்னும் குடுக்கலயே. என்ன பிரசாதம்?”

“அண்ணன் கையாலயே வாங்கினேன்னா. மெழுவத்தி சுத்துன தாள்ல மடிச்சு மஞ்சப் பையில வச்சிருந்தா.”

தைரியநாதன் கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கை அவருக்கு விளங்கியது. கோயிலில் தீர்த்தம் வாங்குகிற கை அது. எந்தக் கோயிலில் எது கொடுத்தாலும் வீட்டில் கிடக்கிற நோயாளிக்குக் கொண்டுபோவதுதான் அவளுக்குத் தெரிந்த முறை. வாங்கின இடத்திலேயே தின்றுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போவதைத்தான் அவள் தப்பு என்று சொல்லியிருப்பாள்.

சாமியார் தேர் வேலையில் நின்றிருந்தார். கேட்டதும் முகம் மாறியது. திட்டவில்லை.

“வாங்குறவங்க உட்கொள்றத நின்னு பாக்கணும்னு சொல்லியிருக்கோம்ல?”

“பாக்கல ஃபாதர்.”

“போய் வாங்கிடுங்க. அங்கயே நீங்க உட்கொண்டுடுங்க. சண்டை கிண்டை வேணாம், அவங்க மேல தப்பில்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவங்க சாப்பிட்டிருந்தா விட்டுருங்க. வேற எங்கயாவது போயிருந்தாதான் கஷ்டம்” என்றார்.

பூங்காவனத்தின் போன் வீட்டில் வீரமுத்துவிடம்தான் இருக்கும். கூப்பிட்டார். குழறலாக ஆனால் உற்சாகமாக வந்தது வீரமுத்துவின் குரல்.

“சொல்றா.”

“நான் வந்துகிட்டிருக்கேன். பூங்காவனம் கோயில்லேருந்து ஒண்ணு கொண்டாரும். நான் வர்ற வரைக்கும் அதத் திங்காத.”

“ஏண்டா, வெசமா?”

“வந்து சொல்றேன்.”

“வெசமா இருந்தா இப்பவே தின்னுடறேன். கெடக்க முடியல” என்று சிரித்தார் வீரமுத்து.

ஜெயங்கொண்டம் தாண்டி அரியலூர் போகிற சாலை முழுவதும் லாரிக்காலப் பழக்கத்தில் அவருக்கு மனப்பாடம். பைக்கில் போகும்போது முதுகு வலித்தது. வழியெல்லாம் ஒரே யோசனை. அந்த மஞ்சள் பைக்குள் இருப்பது வெறும் மாவு என்றால், தான் இந்த வெயிலில் ஓடுவது கூத்து. கடவுள் என்றால், பஸ்ஸில் ஒருத்தி மடியில் போகிறவருக்கு என்ன குறை வந்துவிடும்? அவர் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறாரோ என்னவோ. இந்த எண்ணம் வந்ததும் பயந்து, தனக்குத் தெரிந்த கணக்குக்குத் திரும்பினார். லோடு ஓட்டுநருடையதல்ல. எந்த ஆலைக்குச் சீட்டு எழுதியிருக்கிறதோ அங்கேதான் இறக்க வேண்டும். வழியில் ஒருவன் வீடு கட்டக் கல் இல்லாமல் நிற்கிறான் என்று அவனுக்கு இறக்கிவிட முடியாது. இந்த நியாயம் ஆலைக்குச் சரி. கிறிஸ்து தம்மைக் கொடுத்தபோது யாரிடமும் சீட்டு கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கேட்காமல் எல்லாருக்கும் கொடுத்தாரா என்றால், அதுவும் இல்லை; கடைசி இரவு உணவில், ஓர் அறையில், தம்மோடு இருந்தவர்களுக்குத்தான் கொடுத்தார். அந்தச் சிலரில் காட்டிக்கொடுத்தவனும் இருந்தான். இதற்கு மேல் அவருக்கு ஓடவில்லை. அரியலூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது பூங்காவனம் அவருக்கு முன்பே வந்து வீரமுத்துவைத் துடைத்து, நெற்றியில் விபூதி வைத்து, வேட்டி மாற்றிக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். மாரியம்மன் படத்துக்கு முன்னால் எவர்சில்வர் தட்டில் அந்தத் தாள் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அப்பம் உடையாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. அதே நேரம், அவர்கள் அதைத் தின்றுவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது.

“வாங்கண்ணே. உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம். நீங்களே அவரு வாயில போட்டுவுட்டுடுங்க” என்றாள் பூங்காவனம்.

தைரியநாதன் நின்றபடியே சொன்னார். “தங்கச்சி, தப்பு என்மேலதான். இது உங்கிட்ட குடுத்திருக்கக் கூடாது. எங்க ஆளுங்கள்லயே எல்லாருக்கும் குடுக்குறதில்ல. திருமுழுக்கு வாங்கி, பாவம் சொல்லி, அப்பறந்தான். நான் திரும்ப எடுத்துக்கணும்.”

பூங்காவனத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தட்டைப் பார்த்தாள்.

“குடுத்தத திரும்பக் கேக்குற சாமியாண்ணே அது?”

“சாமி கேக்கல. நான்தான் கேக்குறேன்.”

“வரிசையில நின்னுதான வாங்கினேன். புடுங்கிட்டு வரலியே.”

“இல்லம்மா. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல.”

வீரமுத்து கட்டிலிலிருந்து நல்ல கையை ஆட்டினார். “குடுத்துடு புள்ள. ஒரு டீய ரெண்டா ஊத்திக் குடிச்சவன். இத ரெண்டாப் பிக்க மனசு வரல அவனுக்கு.”

“மனசு இல்ல வீரமுத்து. எனக்கு உரிமை இல்ல.”

“உரிமை யாருக்கு இருக்கு?”

“அதக் குடுத்தவருக்கு.”

“அவரு ஒங்கிட்ட சொன்னாரா, எனக்குக் குடுக்காதன்னு?”

திருச்சபை சொல்கிறது என்று தைரியநாதன் சொல்லியிருக்கலாம். அது பதில்தான், தப்பான பதிலும் அல்ல. இதை நம்புகிறேன், இவர்களோடு சேர்ந்திருக்கிறேன் என்று சொல்கிறவர்கள் பகிர்கிற உணவு அது. அந்த ‘ஆமென்’ இல்லாமல் வாயில் போட்டால் வீரமுத்துவுக்குப் போவது ஒரு மருந்தோ மந்திரமோதான். இதெல்லாம் அவருக்குத் தெரியும். கட்டிலில் பாதி உடம்போடு கிடக்கிறவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

தட்டின் முன் முழங்காலிட்டார். முதுகு வலித்தது. அப்பத்தை எடுத்து வாயில் வைத்தார். தாளில் ஒட்டியிருந்த துகளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டார். தட்டில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். பின்னால் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்மை வாங்கும்போது எப்போதும் முன்னும் பின்னும் ஆள் இருக்கும். ஒரு வீட்டில் எல்லாரும் பார்க்கத் தான் மட்டும் தின்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

எழுந்தார். இனி இந்த வீட்டுக்கு வர முடியாது என்று நினைத்தார். சாவியைக் கையில் எடுத்தார்.

“இப்ப அது எங்க?” என்றார் வீரமுத்து.

“எது?”

“நீ தின்னது.”

“எனக்குள்ள.”

“அப்ப போவாத. உக்காரு இப்புடி.” நல்ல கையால் கட்டிலில் இடம் காட்டினார். “எனக்குள்ள வரலன்னா என்ன, பக்கத்துல இருக்கட்டும்.”

தைரியநாதன் உட்கார்ந்தார். வீரமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கேலியாகச் செய்கிறாரா, நம்பித்தான் செய்கிறாரா என்று தைரியநாதன் அவர் முகத்தைப் பார்த்தார். பக்கவாதம் கோணலாக்கிய முகத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பூங்காவனம் அடுப்படிக்குப் போனாள். அவள் கோபம் தீரவில்லை என்பது பாத்திரச் சத்தத்தில் தெரிந்தது.

அப்பத்தின் வடிவம் உடலுக்குள் கரைகிற வரைக்கும்தான் கிறிஸ்துவின் பிரசன்னம் அதில் இருக்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரம்தான். வீரமுத்து பழைய லாரியின் கிளட்சைப் பற்றி, வண்டியைக் குழியில் இறக்கிவிட்டு ஓடிப்போன கிளீனரைப் பற்றி, மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். வெயில் வாசலைவிட்டு நகர்ந்தது. குழம்பு கொதித்து இறக்கியாயிற்று. பேச்சு ஓய்ந்து வீரமுத்துவின் கண் சொருகியது. கையை மட்டும் விடவில்லை.

“இருக்கா இன்னும்?” என்றார் கண்ணைத் திறக்காமல்.

தைரியநாதன் கணக்குப்படி அது கரைந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

“இருக்குடா” என்றார்.

அந்த மாதக் கடைசியில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தார். எந்தப் பாவமென்று சொல்வது என்று தெரியவில்லை. மற்றவற்றைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.