எது கேட்டாலும் ஓகே கொடு

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று வீட்டில் எல்லோரும் நம்பியதுதான் வந்த வினை.

அம்மா மயிலாப்பூர் மாதா கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடம் பாடியவள். படுக்கையில் விழுந்த பிறகு ராயப்பேட்டையில் அக்கா வீட்டில் இருந்தாள். மலம் அள்ளியது, சோறு ஊட்டியது எல்லாம் அக்கா. அடையாற்றிலிருந்து ஞாயிறுதோறும் போய், அம்மா படுத்தபடியே பாடுவதை போனில் எடுத்தது மட்டும்தான் நான். அதற்கே எனக்கு நல்ல பிள்ளை என்று பெயர்.

அம்மா போன பிறகு அந்த வீடியோக்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டேன். என் கம்ப்யூட்டர் மேக், அக்காவுடையது பழைய விண்டோஸ். டிஸ்கைத் தயார் செய்யும்போது, இரண்டிலும் திறக்கும் வகை ஒன்று பட்டியலில் இருந்தது. எனக்குத் தெரியும். ஆனாலும் மேக் தானாகக் காட்டிய, மேக்கில் மட்டும் திறக்கும் வகையையே அழுத்திவிட்டுப் போனேன். போனில் இடமில்லை என்று அங்கிருந்ததையும் அழித்தேன்.

முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு முன்னால் அக்கா டிஸ்கைக் கேட்டாள். கொடுத்தேன். மறுநாள் நான் மீட்டிங்கில் இருக்கும்போது போன் செய்தாள்.

"தம்பி, டிஸ்கைச் சொருகினா என்னமோ கேக்குதுடா. படிக்கட்டுமா?"

"எது கேட்டாலும் ஓகே கொடுக்கா. எத்தனை வாட்டி சொல்றது?"

பத்து வருடமாக அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். ஓகே கொடுத்தாள். மேக்கின் டிஸ்கை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை. ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறது. டிஸ்க் காலியானது. காலியாகத்தானே கிடக்கிறது என்று, அதில் தான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆண்டு விழா வீடியோக்களை நிரப்பிவைத்தாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கத்தினேன்.

"எல்லாம் அழிஞ்சிடும்னு போட்டுதாண்டா இருந்துச்சு. நீதான் ஓகே கொடுக்கச் சொன்னியே, வேற எங்கயாவது எடுத்து வெச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றாள்.

டிஸ்கை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். கடைசிக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னா சார், பழசு மேலயே புதுசு ஏத்திக்கீறாங்க. இனிமே ஒண்ணும் வராது."

திருப்பலி முடிந்து அக்கா வீட்டில் சாப்பாடு. அம்மா பாடியதைப் போடச் சொல்லிச் சித்தி கேட்டாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"நான்தான் சித்தி தெரியாம அழிச்சிட்டேன்."

"டீச்சர் வேலை பாக்குறவ, இதுகூடவா தெரியாது? பெத்தவ குரலுடி அது" என்று சித்தி எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டாள். அக்கா தலையைக் குனிந்தபடி பரிமாறிக்கொண்டே வந்தாள். என் இலைக்கு வந்ததும் நின்றாள்.

இன்னும் கொஞ்சம் தயிர்ப்பச்சடி கேட்டேன்.