காதர் பாயின் மூக்கு

பழத்தில் கை வைத்தால் காதர் பாய்க்குப் பிடிக்காது. "அமுக்காதீக. எப்பச் சாப்பிடப் போறீக, அதைச் சொல்லுங்க" என்பார். இன்றைக்கு என்றால் வண்டியின் முன்வரிசை, நாளைக்கு என்றால் நடு, மூன்று நாள் கழித்து என்றால் பின்னால் வைக்கோலுக்குள். காம்படியை மூக்கில் வைத்து ஒரே இழுப்பு. பழம் தராசுக்குப் போய்விடும். எனக்கும் ஒருமுறை புறங்கையில் தட்டு விழுந்திருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல பழம் எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், மடவார் வளாகத்தில் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும் இந்தத் தள்ளுவண்டியைத்தான் காட்டுவோம். கோடையில் தேவதானம் தோப்புகளிலிருந்து சப்பட்டை மாம்பழம். மற்ற மாதங்களில் கொய்யா, பப்பாளி. காதர் பாய்க்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. பீடி கிடையாது, மூக்குப்பொடி கிடையாது. சென்ட் பூசியவர்கள் வந்தால், "செத்த தள்ளி நில்லுங்க, மணம் கொழம்புது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கொஞ்சம் திமிர்தான். பழம் ஒருநாளும் ஏமாற்றியதில்லை என்பதால் பொறுத்துக்கொண்டோம்.

இந்த வருடம் பங்குனியில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார். எழுந்தபோது மூக்கு வேலை செய்யவில்லை. மனைவி ஹபீபுன்னிசா இஞ்சி தட்டிப் போட்ட டீ வெந்நீர் போல இருந்ததாம். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். விஷயம் தெரிந்தால் அப்புறம் அது பத்தோடு பதினொன்றான வண்டி. நிறத்தையும் விரலையும் நம்பி ஒரு மாதம் ஓட்டினார். மூக்கில் வைத்து இழுப்பதை மட்டும் விடவில்லை. வாங்குகிறவர்கள் பார்ப்பார்களே.

சித்திரையில் மாட்டிக்கொண்டார். புது வியாபாரி ஒருவன் இறக்கிப் போன கூடையில் இருந்ததெல்லாம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழம். பார்வைக்கு மஞ்சள் மஞ்சளாக அருமையாக இருந்தது. ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் தங்கைக்கு வேண்டும் என்று ஞானரத்தினம் டீச்சர் கேட்டபோது, அதிலிருந்துதான் ஆறு பழத்தை மோந்து மோந்து கொடுத்திருக்கிறார்.

மறுநாள் டீச்சர் வந்தபோது நானும் அங்கே நின்றிருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. மிச்சப் பழம் இருந்த பையை வண்டியில் வைத்தார்.

"பாய், பழத்துல வாசமே இல்ல. உள்ள வெள்ளையா இருக்கு. அவ நாலு நாளா ஒண்ணும் எறங்காம கெடந்து, ஆசைப்பட்டுக் கேட்டா. ஒரு வாய் வச்சிட்டுத் தட்டைத் தள்ளிட்டா. நீங்க மோந்து பாத்துத்தான குடுத்தீக?"

வியாபாரி மேல் பழியைப் போட்டிருக்கலாம். நானே நம்பியிருப்பேன். காதர் பாய் அதைச் செய்யவில்லை.

"மோந்தேன் டீச்சர். எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. காய்ச்சலுக்குப் பொறவு மூக்கு செத்துப்போச்சு. சொன்னா யாரும் வர மாட்டீகன்னு பயந்துட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. டீச்சர் பையைத் திரும்ப எடுக்கவில்லை. போகவும் இல்லை.

காதர் பாய் அந்தக் கூடையைத் தூக்கிக் கீழே வைத்தார். முன்வரிசையில் இருந்த தேவதானம் பழம் ஒன்றை எடுத்து, வழக்கம்போல மூக்குவரை கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினார். காம்படியைத் துண்டால் துடைத்தார். பிறகு அதை இரண்டு கையாலும் டீச்சர் முன்னால் நீட்டினார்.

"மோந்து பாருங்க டீச்சர். அமுக்கியும் பாருங்க."