ஸ்டெல்லாவுக்காகத் திருப்பிய பிரேசிங்

ஸ்டெல்லா என் பட்டறைக்குள் வந்து கிட்டாரை மேசைமேல் வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"இது என் கை தப்பா, கிட்டார் தப்பான்னு பாத்துச் சொல்லுங்கண்ணே. கைதான் தப்புன்னா நான் இன்னியோட வுட்டுர்றேன்" என்றாள்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய சில வருஷங்கள் அவை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில் நான் கிட்டார் செய்துகொண்டிருந்தேன். அதற்கு முன் பேட்டையில் ஒரு கம்பெனியில் பிளாஸ்டர் அச்சும் மர மாடலும் செய்தேன். அந்தக் கம்பெனி மூடியதும், புதுச்சேரியில் கிட்டார் வியாபாரம் செய்த ஜோசப் சார் என்னைக் கூப்பிட்டுத் தொழில் கற்றுக்கொடுத்தார். மரமும், அதை வரைந்து வெட்ட அளவுப் பலகையான டெம்ப்ளேட்டும் அவர் தருவார். செய்து முடித்ததை அவரே எடுத்துக்கொள்வார். எனக்கு வேறு வாடிக்கை கிடையாது.

ஸ்டெல்லா கருவேப்பிலங்குறிச்சிப் பெண். பேட்டையில் ஃபியூஸ் கட்டை அழுத்தும் பிரஸ்ஸில் வேலை பார்த்தவள். அந்த பிரஸ்ஸில் இடது கையின் மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசித்துவந்தவள் அவள். இடது கையால் கம்பியை அழுத்தி, வலது கையால் மீட்டுவதுதான் வழக்கம். இனி அது நடக்காது என்று தெரிந்ததும் கையை மாற்றிக்கொண்டாள். வலது கையால் அழுத்தப் பழகினாள். இடது கையில் மிஞ்சிய இரண்டு விரலில் பிக் என்னும் சிறு வில்லையைப் பிடித்து மீட்டினாள். புதிதாகக் கற்றுக்கொள்வதைவிட அது கஷ்டம். தெரிந்ததை மறக்கவும் வேண்டுமே.

குழுவை நடத்தியவர் லூர்து மாஸ்டர். அவர் ஒரு சாதாரண கிட்டாரில் கம்பிகளை மட்டும் வரிசை மாற்றிப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வாசித்தால் சுருதி சேரவில்லை. கை சரியில்லை, சலங்கை வளையம் டேம்பரின் ஆட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார். விரல் போனவளை முன்வரிசையில் உட்கார வைத்தால் பூசைக்கு வருபவர்களுக்குச் சங்கடம் என்றும் சொல்லியிருக்கிறார். இதை ஸ்டெல்லா என்னிடம் சொன்னபோது அவள் குரல் மாறவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

அந்தக் கிட்டாரின் ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாம் கட்டத்தில் அழுத்திப் பார்த்தேன். எதுவும் சேரவில்லை. காரணம் கண்ணெதிரே இருந்தது. பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காரும் சேடில் நேராக இருக்காது; தடித்த கம்பிப் பக்கம் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். கம்பியை மாற்றிப் போட்டால் அந்தச் சாய்வு எதிர்ப்பக்கம் போய்விடும். மேலே கழுத்தின் முனையில், நட் என்னும் காடிக் கட்டையில், தடித்த கம்பி சன்னமான காடியில் ஏறி நின்றது. சன்னக் கம்பியோ அகலக் காடியில் ஆடி இரைந்தது.

"கையில ஒண்ணும் தப்பு இல்ல. எந்தக் கொம்பன் வாசிச்சாலும் இது இப்பிடித்தான் கத்தும்" என்றேன்.

அவள் அந்தக் கிட்டாரை என் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு, "எனக்குப் பாவம் பாத்து எதுவும் வேணாம்ணே. என் கைக்கு ஒரு கிட்டார் வேணும். செய்வீங்களா?" என்று கேட்டாள்.

செய்கிறேன் என்றேன்.

ஜோசப் சாரின் பலகை

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிட்டாரின் வெளிக்கோடு இரண்டு பக்கமும் ஒன்றுதான். டெம்ப்ளேட்டை எந்தப் பக்கம் வைத்து வரைந்தாலும் உடம்பு மாறாது. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. மேல் பலகையின் அடியில் பெருக்கல் குறிபோல இரண்டு நீளப் பிரேஸ், அதாவது தாங்கு சட்டம், வரும். அதற்குக் கீழே டோன் பார் என்னும் குட்டைச் சட்டம் இரண்டு, ஒரே பக்கமாகச் சாய்ந்து போகும். தடித்த கம்பிப் பக்கமும் சன்னக் கம்பிப் பக்கமும் பலகை ஒரே மாதிரி அதிரக் கூடாது என்பதற்காக அந்தச் சாய்வு. கை மாறினால் அதுவும் மாற வேண்டும் என்பது என் எண்ணம். மாற்றாமலும் செய்கிறவர்கள் உண்டு. பாதி வேலை செய்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜோசப் சாரிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை என்று புதுச்சேரிக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினார். அந்தப் பிரேஸ் லேஅவுட் வெளிநாட்டிலிருந்து வாங்கியது, அதை ஆளுக்கு ஒரு மாதிரி திருப்பினால் தன் கடைப் பெயர் கெடும், பிரிட்ஜ் பெயர்ந்து வந்தால் யார் பதில் சொல்வது என்றார். கம்பியை மாற்றிப் போட்டுக் கொடுத்து அனுப்பச் சொன்னார். அது ஏற்கெனவே நடந்துவிட்டது என்று சொன்னேன்.

"அப்ப வேற ஏதாவது வாசிக்கச் சொல்லுங்க. எத்தினியோ இருக்குது. ஒரு பொண்ணுக்காக என் டெம்ப்ளேட்ல கை வெக்கிறதா இருந்தா, டெம்ப்ளேட்ட இங்க குடுத்துட்டுப் போயிடுங்க."

கெட்டவர் இல்லை அவர். எனக்குச் சோறு போட்ட மனுஷன். ஆனால் "வேற ஏதாவது" என்ற அந்தச் சொல் என்னைக் குத்திவிட்டது. கம்பெனி மூடியபோது எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

வீட்டில் மனைவி மாலதியிடம் சொன்னேன். அவள் அப்போது தையல் மெஷினில் இருந்தாள், காலை நிறுத்தவில்லை. "குடுத்துட்டு வந்துடு. நாளைக்கி நீ எதச் செஞ்சாலும் அவர்கிட்டதான் கேட்டுக்கினு நிக்கணுமா?" என்றாள். மறுநாளே டெம்ப்ளேட் பலகைகளைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

என் பிளைவுட்

சொந்தமாக டெம்ப்ளேட் செய்வது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. ஸ்டெல்லாவை முக்காலியில் உட்காரவைத்து, பழைய கிட்டாரை மடியில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். முழங்கை எங்கே படிகிறது, பிக் எந்த இடத்தில் கம்பியைத் தொடுகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். கிட்டாரின் உடம்பைக் கொஞ்சம் ஒடுக்கி, டெம்ப்ளேட்டைப் பிளைவுட்டில் வெட்டினேன்.

பிரேசிங்கில்தான் நிதானம் வேண்டும். பிரேஸ் ஒட்டுவது பலகையின் அடிப்பக்கம். வெளியிலிருந்து வலம், உள்ளே இடம். கவனிக்காமல் இரண்டு முறை திருப்பினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பீங்கான் அச்சில் எழுத்துகளைத் திருப்பியே செதுக்கிப் பழகிய கண் எனக்கு. அதனால் தடுமாறவில்லை.

அடுத்தது பிரேஸின் கனம். ஸ்டெல்லாவின் மீட்டல் மென்மையானது. இரண்டு விரலில் அதற்குமேல் பலம் வராது. வழக்கமான கனத்தில் விட்டால் பலகையில் ஓசை எழும்பாது. நீளப் பிரேஸ் இரண்டும் வெட்டிக்கொள்ளும் நடு இடத்தைத் தொடாமல் விட்டேன். நுனிகளையும் டோன் பாரையும் மட்டும் இழைத்தேன், தட்டிக் கேட்டேன், மறுபடி இழைத்தேன். அட்டையைத் தட்டுவதுபோல இருந்த ஓசை மெல்ல நீண்டது.

கம்பி ஏற்றியதும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை லேசாகப் புடைத்தது. பிரிட்ஜ் பெயர்ந்தால் என்று ஜோசப் சார் கேட்டது நினைவுக்கு வந்தது. ஸ்டீல் ஸ்கேலை வைத்துத் தினமும் பார்த்தேன். ஒரு அளவோடு நின்றது. அப்புறம் அசையவில்லை.

ஸ்டெல்லா வந்து வாசித்தாள். மேல் கட்டத்தில் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டை மீட்டி, அது அடங்கும் வரை காதைக் கிட்டாரின் விளிம்பில் வைத்திருந்தாள். வெளியே போய் நின்றுகொண்டாள். நான் ரம்பத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முன்வரிசையில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். நானும் மாலதியும் கடைசி பெஞ்சில் இருந்தோம். லூர்து மாஸ்டர் குனிந்து ஏதோ சொல்வதும் அவள் தலையசைத்து மறுப்பதும் தெரிந்தது. அவர் நிமிர்வதற்குள் பூசையைத் தொடங்கும் வருகைப் பாடலை அவளே ஆரம்பித்துவிட்டாள். சுருதி சுத்தமாக வந்தது. குழு பாடாமல் என்ன செய்யும்? பாடியது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவர் அவளைப் பாராட்டவில்லை. அடுத்த வாரம் அவள் பக்கத்திலிருந்த மைக்கைத் தள்ளி வைத்தாராம். அவள் எழுந்துபோய் அதைத் திரும்ப இழுத்து வைத்தாளாம். சில வாரம் இது நடந்தது. அவர்தான் விட்டுக்கொடுத்தார்.

எனக்கு நல்லது உடனே நடந்துவிடவில்லை. புதுச்சேரி ஆர்டர் நின்றது. கதவு, ஜன்னல், கட்டில் என்று கிடைத்ததையெல்லாம் செய்தேன். நல்லூர் பக்கத்திலிருந்து ஒரு ஜெபக்கூட்டத்தார் கிட்டார் கேட்டு வந்தார்கள். பிறகு நெய்வேலியிலிருந்து ஒருவர், சின்ன உடம்புக்காரர், பெரிய கிட்டாரை அணைத்து அணைத்துத் தோள் வலி கண்டவர். அவர் அளவுக்கு ஒரு பிளைவுட் டெம்ப்ளேட் வெட்டினேன். ஜோசப் சார் ரொம்ப நாள் கழித்து ஆள் அனுப்பி, பழையபடி செய்யலாமே என்று கேட்டார். செய்கிறேன், என் லேஅவுட்டில், என் பெயர் உள்ளே ஒட்டி என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். டெம்ப்ளேட் என்பது யாரோ ஒருவன், யாரோ ஒருவருக்காக ஒரு நாள் எடுத்த முடிவு. நல்ல முடிவாகவே இருக்கலாம். உன் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த ஆள் இல்லையென்றால் பென்சிலை எடு. ஆளை மாறச் சொல்லித் திருப்பி அனுப்பாதே.