சித்திரையில் குளிர்ந்த சுவர்

அந்த வீட்டைப் பார்க்கப் போனது சித்திரை மாசம். எங்க முட்டாள்தனம் அங்கதான் ஆரம்பிச்சுது. மழையில ஒருதரம் பார்க்காம எந்தப் புத்திசாலியாவது வீடு வாங்குவானா? நாங்க வாங்கினோம்.

அறுபதுகளோட கடைசி அது. என் வீட்டுக்காரர் அடுத்தவங்க தறியில பட்டு நெய்துக்கினு இருந்தார். சொந்தமா ஒரு வீடு, அதுல சொந்தமா ஒரு தறி, அவ்ளோதான் எங்க ஆசை. தறின்னா குழித்தறி. தரையில பள்ளம் வெட்டி, விளிம்புல உட்கார்ந்து, குழிக்குள்ள காலை விட்டு மிதிக்கணும்.

வீடு குளத்துக்குப் பின்னாடி. உள்ள போனதும் சுவத்துல உள்ளங்கையை வெச்சேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது, சுவர் ஜில்லுன்னு இருக்குது. எனக்கு வாயெல்லாம் பல்லு. வறண்ட வீட்ல தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டின பாவு இழை சும்மா சும்மா அறுந்துபோகும். ஈரமிருந்தா சொன்ன பேச்சு கேக்கும். வேற யாரா இருந்தாலும் அந்த ஈரத்தைப் பார்த்து ஓடியிருப்பாங்க. நெசவுக்காரங்க நாங்க ஓடிப்போய் விழுந்தோம்.

பார்க்க வேண்டியதெல்லாம் கண்ணுக்கு முன்னாடியேதான் இருந்துச்சு. சுண்ணாம்பு இடுப்பு உயரத்துக்கு மட்டும் புதுசு. டிரங்குப் பெட்டிக்குக் கீழ செங்கல். தறிக்குழியைப் பலகையால மூடி, அதுமேல அரிசி மூட்டை. வீட்டை விக்கிறவர் அந்த வெயில்ல காலுக்குக் கம்பளி போத்திக்கினு கட்டில்ல கிடந்தார். ஜுரமான்னு அவர் சம்சாரத்தைக் கேட்டேன். "ஆமாம்மா"ன்னா.

"இங்க இழை அறுந்துபோகுமாக்கா?"

"போவாதும்மா." என் மூஞ்சியைப் பார்க்காம தரையைப் பார்த்துச் சொன்னா. அதையும் பார்த்துக்கினுதான் நின்னேன், பாவி.

என் கழுத்துல காதுல இருந்ததெல்லாம் வீடாச்சு. ஆவணியில தறி போட்டோம். நல்லாதான் ஓடிச்சு. ஐப்பசி அடைமழையில ஒருநாள் காலையில குழிக்குள்ள காலை விட்டவர் "அடியே"ன்னு கத்தினார். முழங்கால் வரைக்கும் தண்ணி. மேல இருந்து ஒழுகின தண்ணி இல்ல, கீழ இருந்து ஊறின தண்ணி. நான் மொண்டு மொண்டு ஊத்தினேன், மறுபடி மறுபடி ஊறிச்சு. மண்ணைக் கொட்டினா மிதிக்க இடமில்ல. தறியை மேடையில ஏத்தினா விட்டம் தலையில இடிக்குது. நெய்யாம இருந்தா சோறு ஏது? தண்ணியில காலை விட்டுக்கினே மிதிச்சார். ஒரு வருஷ மழை இல்ல, மூணு வருஷ மழை.

முதல்ல விரலிடுக்குல புண்ணு. அப்புறம் முட்டி வீங்கிச்சு. ஒருநாள் மிதியை அழுத்தினார், கால் இறங்கல. "வரலடி"ன்னார். அவ்ளோதான் சொன்னார். சுவத்துல தலையை முட்டிக்கினு அழுதேன். அந்தச் சனியன் பிடிச்ச சுவர் அப்பவும் ஜில்லுன்னுதான் இருந்துச்சு.

வீட்டை வித்த அந்த மனுஷன் காலுக்குக் கம்பளி எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சுது. அவர் சம்சாரத்தை நான் திட்டாத நாளில்ல. உன் புருஷன் கால் போச்சுன்னா என் புருஷன் காலும் போகணுமாடி? ஒரு வார்த்தை சொன்னா வாயிலிருந்து முத்தா உதிர்ந்துடும்?

அடுத்த சித்திரையில நாங்க விக்க நின்னோம். வீடு பார்க்க ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. நெசவுக்காரங்கதான். இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு நான்தான் அடிச்சிருந்தேன். குழிமேல மூட்டையை வெச்சதும் நான்தான். அந்தப் பொண்ணு வந்ததும் சுவத்துல உள்ளங்கையை வெச்சுச்சு. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். கட்டில்ல கம்பளியோட கிடந்த இவரைப் பார்த்து, "அண்ணனுக்கு ஜுரமாக்கா?"ன்னுச்சு.

"ஆமாம்மா." இவர் கண்ணை மூடிக்கினார்.

"இங்க இழை அறுந்துபோகுமாக்கா?"

சொல்லிடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா சாகறவரைக்கும் இந்த ஈரத்துலதான் நாங்க. நான் தரையைப் பார்த்தேன்.

"போவாதும்மா"ன்னேன். அதுல பொய் இல்ல. அந்த வீட்ல ஒருநாளும் ஒரு இழை அறுந்ததில்ல.