வெள்ளைத் துணி வாங்கப் போனவர்

எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. கொட்டகலை பஸாரில் போன் ரீலோட் போடும் கடையில் வேலை பார்க்கிறேன். உட்கார ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், அதில் என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்டவளைப் பிள்ளை பெற்ற கையோடு ஒரு நீல விளக்குக்குப் பக்கத்தில் இருத்தி, "பால் குடுக்கிற நேரம் தவிரப் பிள்ளையைத் தூக்காதேங்கோ, பாத்துக்கொண்டு மட்டும் இருங்கோ" என்று சொன்னால் என்ன ஆகும்? குட்டி போட்ட பூனை மாதிரி அலைகிறாள் என்று நானே எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறேன். அந்த வாரம் வார்டு முழுக்க அப்படி அலைந்தது நான்தான், அதிலும் உண்மையாகவே குட்டி போட்டுவிட்டு.

மகள் பிறந்த மறுநாளே அவள் கண்ணின் வெள்ளை நிறம் மாறத் தொடங்கியது. முதலில் நான் நம்பவில்லை. வார்டுச் சுவருக்கும் மஞ்சள் பெயின்ட், திரைச்சீலையும் மஞ்சள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே, காமாலை எனக்குத்தான் வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். என் ரத்தமும் அவள் ரத்தமும் சேரவில்லை. அதனால் மஞ்சள் ஏறுகிறது. ஏறிக்கொண்டே போனால் மூளையைப் பிடித்துவிடும். நாளைக் காலை மறுபடியும் ரத்தம் பார்ப்பார்கள், இறங்காவிட்டால் கண்டிக்கு அனுப்பி உடம்பில் இருக்கும் ரத்தத்தையே மாற்ற வேண்டும். வெளியே விடாத மழை. எந்த நேரம் எந்த வளைவில் மண் சரிந்து ரோடு அடைபடும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் முதல் பிள்ளை மூன்று வருடத்துக்கு முன் பிறந்த அன்றே போய்விட்டான். இதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொன்னால் நான் ஏன் அந்த வார்டில் எல்லோரோடும் சண்டை பிடித்தேன் என்று உங்களுக்கு விளங்காது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் பத்து மாதமும் நடந்தேன். பெற்ற பிறகும் அது அணையவில்லை.

விளக்கு என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஒரு கண்ணாடித் தொட்டிலுக்கு மேலே நீல டியூப்கள் பொருத்திய ஒரு பெட்டி. பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டி, பம்பர்ஸ் மட்டும் போட்டு, வெறும் உடம்போடு கிடத்தியிருந்தார்கள். அந்த நீல வெளிச்சம் தோலுக்குள் இறங்கி மஞ்சளை உருமாற்றி, மலத்திலும் மூத்திரத்திலும் வெளியே தள்ளிவிடுமாம். பக்கத்தில் நின்றால் என் கையும் நீலம், தேத்தண்ணிக் கோப்பையும் நீலம். கண் கூசியது. இவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது சுகமாகாமல் எங்கே போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

டாக்டர் சொல்லிவிட்டுப் போன அன்று காலையிலேயே வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் ஒரு மீட்டரோடு வந்தார். மிஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர். கைக்குள் அடங்குகிற பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் சட்டைப் பித்தான் அளவில் ஒரு கண். அந்தக் கண்ணைப் பிள்ளையின் வயிற்றுக்குப் பக்கத்தில் விளக்கைப் பார்க்க வைத்து எண்ணைப் படித்தார். முகம் சுருங்கியது.

"வெளிச்சம் காணாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன மிஸ் சொல்றீங்க? கண்ணைக் கூசுது, வெளிச்சத்தைக் காணோம்ங்கிறீங்களே! மெஷின் ரிப்பேரா?"

அவருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரித்துவிட்டார். "ஐயோ, காணாது எண்டால் போதாது எண்டு சொல்றன். இருக்கு, ஆனா போதாது." டியூப் பழசாகிவிட்டால் கண்ணுக்கு அதே வெளிச்சம்தான் தெரியுமாம். பிள்ளைக்கு வேண்டிய அந்த ஒரு நீலம் மட்டும் உள்ளுக்குள்ளே குறைந்துகொண்டு போகுமாம். புது டியூப் கண்டியிலிருந்து கிளம்பிவிட்டது, மழையில் எங்கேயோ நிற்கிறது. வார்டில் இருந்த மற்ற விளக்கின் கீழே என் மகளைவிடச் சின்னப் பிள்ளை ஒன்று கிடந்தது. விளக்கை இறக்கக்கூடிய மட்டும் இறக்கியாயிற்று.

சும்மா இருப்பேனா? போனில் வெளிச்சம் அளக்கிற ஒரு ஆப்பை இறக்கினேன். நீல விளக்கின் கீழே பிடித்தேன், ஓர் எண். மிஸ்ஸின் மேசையில் பிடித்தேன், வேறோர் எண். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தால், அடேயப்பா, எண் எங்கேயோ எகிறிவிட்டது! வெளியே வெயிலே இல்லை, எதிர்மலைத் தேயிலைகூடத் தெரியாத மூடுபனி. அதற்கே இவ்வளவா? போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மிஸ், தொட்டில ஜன்னல் பக்கம் தள்ளிருவோம். அங்கதான் வெளிச்சம் கூட. இந்தாங்க பாருங்க, போனே சொல்லுது."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தன் மீட்டரை எடுத்துக்கொண்டு என்னோடு ஜன்னலுக்கு வந்தார். மீட்டரின் கண்ணை வெளியே பார்க்கப் பிடித்தார். எண் கீழே விழுந்து கிடந்தது, விளக்கில் பாதிகூட இல்லை.

"உங்கட போன் மனுசரின்ர கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் எண்டு பாக்குது. கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும்தான் பெரிசு, நீலம் கொஞ்சம்தான் பிடிபடும். இந்த மீட்டர் நீலத்தை மட்டும்தான் எண்ணும். பிள்ளைக்கு வேண்டியதும் அதுதான். இஞ்ச கொண்டு வந்து வச்சா வெறும் மேலோட பிள்ளை விறைச்சுப்போகும், விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் விளங்கினதால் மனம் அடங்கிவிடுமா? இத்தனை நாள் என் கண்ணை நம்பித்தான் வாழ்ந்திருக்கிறேன். கண்ணே ஆளை ஏமாற்றுகிறது என்றால் நான் எதைப் பார்த்துக்கொண்டு அந்தத் தொட்டிலோரம் உட்காருவது? விளக்கைச் சுற்றி நடந்தேன். வராந்தாவுக்குப் போனேன், திரும்பி வந்தேன். பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண் பாவம் பார்த்து, "வாடிவென்ன நங்கி", உட்காரு தங்கச்சி என்று தன் கட்டிலில் இடம் தந்தாள். உட்கார்ந்தேன், உடனே எழுந்துவிட்டேன்.

மிஸ் ஒரு வழி சொன்னார். தொட்டிலைச் சுற்றி நல்ல வெள்ளைத் துணி கட்டினால், பக்கவாட்டில் வீணாய்ப் போகிற வெளிச்சம் துணியில் பட்டுத் திரும்பிப் பிள்ளை மேல் விழும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பெல்லாம் தோய்த்துப் போட்டு நாள் கணக்காகியும் அந்த மழைக்கு ஒன்றும் காயவில்லை. காய்ந்து கிடந்த ஒரே ஒரு வெள்ளை டவலை ஒரு பக்கம் தொங்கவிட்டார். மிச்சத்துக்கு வீட்டுக்காரரைக் கொண்டுவரச் சொல்லுங்கோ என்றார்.

என் வீட்டுக்காரர் திரீவீலர் ஓட்டுகிறார். போன் போட்டேன்.

"வெள்ளைத் துணி வாங்கிட்டு வாங்க. நல்ல பால் வெள்ளையா, புதுசா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"வெள்ளையா?" என்றார்.

"ஆமாங்க, வெள்ளை."

"வேற கலரு ஆகாதா?"

"கலியாணத்துக்கா எடுக்குறோம், கலரு பாக்க? வெள்ளைன்னா வெள்ளை!" என்று வைத்துவிட்டேன்.

ஆட்களை உள்ளே விடுகிற பகல் பார்வை நேரத்துக்கு வந்தார். தலையெல்லாம் மழை. பையைப் பிரித்தால் உள்ளே மஞ்சள். மஞ்சள் என்றால் ஏதோ வெளிறிப்போன மஞ்சள் இல்லை, கோயில் கொடி மாதிரிப் பளீரென்ற மஞ்சள். நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"சொன்னது ஒன்னு, செஞ்சது ஒன்னு! உங்க காதுல என்ன பஞ்சா? பிள்ளையே மஞ்சளாக் கெடக்கு, அதுக்கு மஞ்சத் துணியா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, மிஸ்ஸைப் பார்த்தார். "துணிதானே மிஸ். இது மங்களமா இருக்கும்னு..."

மிஸ் தொங்கிய வெள்ளை டவலை எடுத்துவிட்டு அதே இடத்தில் மஞ்சள் துணியைப் போட்டு, மீட்டரை வைத்து அவரிடம் காட்டினார். எண் இறங்கியது. துணியை எடுத்துவிட்டு டவலைப் போட்டார், ஏறியது. இன்னொரு தடவையும் மாற்றிக் காட்டினார். வீட்டுக்காரர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மஞ்சள் துணி ஏன் மஞ்சளாத் தெரியுது? நீலத்தை அது விழுங்கிப்போடுது, அதாலதான்" என்றார் மிஸ். "உங்கட பிள்ளையின்ர தோலுக்குள்ள இருக்கிற மஞ்சளும் அப்பிடித்தான். அது விழுங்கினாத்தான் பிள்ளைக்குச் சுகம் வரும். அதுக்குப் போக வேண்டியதை இந்தத் துணி பறிச்சு விழுங்குது."

வீட்டுக்காரரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன், இன்னும் நாலு கேட்கலாம் என்றுதான். அவரே முந்திக்கொண்டார்.

"கடைக்குப் போனேன். வெள்ளைத் துணி வேணும்னு வாயத் தொறந்தேன், வரல. நம்ம மூத்த பயலுக்கு அன்னைக்கு வெள்ளை வாங்குனது நான்தான். அந்தக் கடையிலதான். மொதலாளி ஒன்னும் கேக்கல, ஒரு கிழி கிழிச்சுக் குடுத்தாரு. அந்தச் சத்தம்..." என்று நிறுத்தினார். "இந்தப் புள்ளைக்கும் என் கையால வெள்ளை வாங்கச் சொல்றியா?"

அன்றைக்கு நான் மயக்கத்தில் கிடந்தேன். அந்தத் துணியை நான் பார்த்ததுகூட இல்லை. வேண்டாம், இந்த வெள்ளையே வேண்டாம் என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த எண் இறங்கியதையும் ஏறியதையும் நானும்தானே பார்த்தேன்? அதைப் பார்க்காதவள் மாதிரி எப்படி இருப்பது?

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றேன். "ஆனா மீட்டருக்குச் சாவும் தெரியாது, கலியாணமும் தெரியாது. நீங்க போகலைன்னா நான் போறேன். தையல் போட்ட வயித்தோட நான் மழையில போகணுமா, சொல்லுங்க."

அவர் படியிறங்கிப் போய்விட்டார். வாங்குவாரா, வீட்டுக்குப் போய் முடங்கிவிடுவாரா என்று தெரியாமல் பின்னேரம் வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன் எடுத்தால் எடுக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்தால் அந்த நேரம் விளக்கு வீணாகிறதே என்று பதறினேன். கொடுக்காவிட்டால் பசியில் சுருண்டுவிடுவாளே என்று பதறினேன். ஒரு தடவை அவளைத் தொட்டிலில் விட்டபோது கண்கட்டு நழுவி ஒரு கண் தெரிந்தது, இன்னும் மஞ்சள்தான். ஓவென்று அழுதுவிட்டேன்.

பின்னேரப் பார்வை நேரத்துக்கு மணி அடித்ததும் முதல் ஆளாக வந்தார். கையில் காகிதப் பை. மிஸ் அதை வாங்கிப் பிரித்தார். வெள்ளைதான், நல்ல பால் வெள்ளை. ஆனால் துணியில்லை. உதறிப் பார்த்தால் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற வெள்ளைக் கவுன், மூன்று. காலர், பெல்ட் எல்லாம் இருந்தன.

"என்னது, பிள்ளையை நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு விடப் போறீங்களோ?" என்று கேட்டார் மிஸ். தைத்த உடுப்பென்றால் என்ன, வெள்ளை வெள்ளைதான் என்று தொட்டிலின் மற்ற மூன்று பக்கமும் கிளிப் போட்டு மாட்டினார். காற்றுப் போக மேலே இடம் விட்டார். மீட்டரை வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாருங்கோ" என்றார்.

காலையில் பார்த்ததைவிட எண் நன்றாக ஏறியிருந்தது.

மறுநாள் ரத்தம் பார்த்தபோது மஞ்சள் கொஞ்சம் இறங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இறங்கியிருந்தது. கண்டிக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கடுத்த நாள் இன்னும் இறங்கியது, புது டியூபும் வந்து சேர்ந்தது. டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு மகள் வாயைத் திறந்து கத்திய கத்தலில், "வாயி அப்படியே அம்மாவோடது" என்று வீட்டுக்காரர் சொன்னார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளிப்பைக் கழற்றி அந்தக் கவுன்களை மடித்தபோதுதான் பார்த்தேன், ஒவ்வொன்றும் மகளைப்போல ஒன்றரை மடங்கு நீளம்.

"இவ்வளவு பெரிசா எதுக்குங்க எடுத்தீங்க?"

"துணின்னு கேக்க மனசு வரல. ஸ்கூல் கவுனு குடுங்கன்னேன். மொதலாளி, புள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டாரு." பிள்ளையைப் போர்வையோடு மார்பில் அணைத்துக்கொண்டு சொன்னார். "ஆறுன்னு சொல்லிட்டேன்."

"பொய்தானே?"

"இப்போதைக்குப் பொய்தான்" என்றார்.